'அவுட்' சொல்வது என் வேலை

சென்ற மாதம் ஜொகூர் பாருவில் புதிய டென்னிஸ் நடுவர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. என்னையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற நடுவரை எதற்குக் கூப்பிடுவார்கள்? தேநீர் வரும்வரை நேரத்தை ஓட்டத்தான். அது தெரிந்தும் போனேன். அந்த வளாகத்துக் கறிபாப், உருளைக்கிழங்கு மசாலா வைத்துப் பொரித்த பலகாரம், எனக்குப் பிடிக்கும்.

பேசி முடித்ததும் முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். "ஆண்டி, இப்பப் பெரிய டோர்னமெண்ட்ல எல்லாம் கேமராவே அவுட் சொல்லிடுது. லைன்ல நிக்க ஆளே வேணாம்னுட்டாங்க. உங்களுக்குக் கஷ்டமா இல்லியா?"

"எனக்கு என்னம்மா கஷ்டம்? கேமராவுக்கு முட்டி வலிக்காது. வெயில்ல மயக்கம் வராது. பிள்ளையோட அப்பா வந்து அதை முறைச்சுப் பாக்கவும் முடியாது. முன்னமே வந்திருந்தா நானே ஆரத்தி எடுத்திருப்பேன் லா," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கேமரா என்னைவிட நன்றாகப் பார்க்கிறது, அதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் 'அவுட்' என்ற சொல்லைப் பற்றி அந்தப் பிள்ளைகளிடம் சொல்ல என்னிடம் ஒரு கதை இருந்தது. வாயைத் திறப்பதற்குள் கறிபாப் வந்துவிட்டது. கறிபாப்போடு போட்டி போட்டு யாரும் ஜெயித்ததில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நான் தங்காக்கில் பிறந்தவள். பள்ளி முடித்ததும் அங்கே ஒரு துணிக்கடையில் நின்றேன். கல்யாணமாகி ஜொகூர் பாருவுக்கு வந்தபிறகு விளையாட்டு வளாகத்தில், டென்னிஸ் திடலை முன்பதிவு செய்யும் கவுண்டரில் வேலை கிடைத்தது. எந்தத் திடலுக்கு எந்த விளக்குச் சுவிட்ச் என்பதுதான் டென்னிஸைப் பற்றி அப்போது எனக்குத் தெரிந்த ஒரே விஷயம். ஒரு சனிக்கிழமை மாநிலப் போட்டிக்குக் கோட்டருகில் நிற்க ஆள் போதவில்லை. தலைமை நடுவர் கவுண்டருக்கு வந்து என் முகத்தை உற்றுப் பார்த்து மலாயில் கேட்டார்.

"நீ கண்ணாடி போடறதில்லையா?"

"இல்ல மிஸ்."

"அப்ப வா."

என் நேர்முகத் தேர்வு அவ்வளவுதான். அதன்பின் முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த வேலையிலேயே கிடந்தேன். முதலில் கோட்டில் நின்றேன், பிறகு திடல்களைச் சுற்றி வந்தேன், கடைசியில் அந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன்.

அந்தத் தலைமை நடுவர்தான் மிஸ் டான். ரெங்கத்துச் சீனப் பெண்மணி. அவருடைய அப்பா அங்கே மளிகைக்கடைத் தவுக்கே, அதாவது முதலாளி. வாடிக்கையாளர்கள் எல்லாம் தோட்டத்துத் தமிழர்கள். உப்பும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தபடியே கற்றுக்கொண்ட தமிழ் அவருடையது. மற்ற நடுவர்களிடம் ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசுவார். தமிழை எனக்கென்று, முக்கியமாகத் திட்டுவதற்கு, வைத்திருந்தார். முதல் தடவை திட்டு வாங்கியபோது, பேசியது யார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அதற்கும் சேர்த்துத் திட்டினார்.

"இன்னா பாக்குற? பந்து பின்னாடியே ஓடாத லா. அது வரும்போது வரும். நீ கோட்டைப் பாத்துக்கிட்டு நில்லு."

அது எனக்கு உடனே பிடிபட்டது. துணி வெட்டும்போது கத்தரியையே பார்த்துக்கொண்டிருந்தால் கோணல் விழும். வெட்டவேண்டிய கோட்டைப் பார்த்தால் நேராகப் போகும். துணிக்கடைப் பழக்கம் வீண்போகவில்லை.

அடுத்த பாடம் மௌனம். பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால்தான் நடுவர் வாயைத் திறக்கவேண்டும். உள்ளே விழுந்தால் ஒரு சத்தமும் கூடாது. நடுவர் சும்மா இருக்கிறார் என்றால் பந்து நல்ல பந்து, ஆட்டம் தொடர்கிறது என்று பொருள். புதிதாக வந்தவர்கள் எல்லாரும் இதில்தான் சறுக்குவார்கள். சும்மா இருப்பது அவ்வளவு கஷ்டம்.

மூன்றாவது பாடம் முகம். யார் ஜெயித்தாலும் தோற்றாலும் நடுவரின் முகம் கழுவி வைத்த தட்டுபோல் இருக்கவேண்டும் என்பது மிஸ் டானின் சட்டம். அதற்காக எங்களை வரிசையாக நிற்க வைத்து, ரெங்கத்து மளிகைக்கடைக் கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து விடுவார். என் முறை வந்தால் தமிழில். சிரித்தவர் திடலை ஒரு சுற்று ஓடிவரவேண்டும்.

"எங்கப்பா கடைக்குத் தினம் ஒருத்தர் வருவாரு. எதுவும் வாங்கமாட்டாரு. மூட்டை நிறுக்கிற தராசுல ஏறி நிப்பாரு, முள்ளைப் பாப்பாரு, எறங்கிப் போயிடுவாரு. ஒருநாள் அப்பா கேட்டுட்டாரு, 'ஏன்யா தினம் ஏறுற?' அவரு சொல்றாரு, 'வூட்டுல எனக்கு மதிப்பே இல்ல தவுக்கே. இங்கயாவது ஏதாச்சும் காட்டுதான்னு பாக்குறேன்.'"

ஒரு சீனப் பெண்மணி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு இதைத் தோட்டத்துத் தமிழில் சொன்னால் எப்படிச் சிரிக்காமல் இருப்பது? அந்த வருடம் நான் ஓடிய ஓட்டத்துக்கு உடம்பே இளைத்துவிட்டது.

ஆட்டம் முடிந்து நாங்கள் அறைக்குத் திரும்பினால் மிஸ் டான் 'நல்லா பண்ணினே' என்றும் சொல்லமாட்டார், 'கெடுத்துட்டே' என்றும் சொல்லமாட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "எந்தப் பந்து இன்னும் கண்ணுல நிக்குது?" நாம் ஒரு பந்தைச் சொல்லவேண்டும். கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நான் சரியாகச் சொன்னேனா, தவறிவிட்டேனா என்பதெல்லாம் அந்தத் தலையாட்டலின் வேகத்திலிருந்து நாமே கண்டுபிடித்துக்கொள்ளவேண்டியதுதான்.

இனி தர்ஷினி.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் போட்டிகளில் திடலுக்கு ஒரு நடுவரெல்லாம் கிடையாது. ஆடுகிற பிள்ளைகளே தங்கள் பக்கத்துக் கோட்டுக்கு நடுவர். எதிராளி அடித்த பந்து வெளியே விழுந்தால் ஆள்காட்டி விரலைத் தூக்கி 'அவுட்' என்று சொல்லவேண்டும். சந்தேகம் வந்தால் புள்ளி எதிராளிக்கு. இதுதான் வழக்கம். சண்டை வந்தால் தீர்த்து வைக்க, நாலைந்து திடலுக்கு ஒருவராக நாங்கள் சுற்றிக்கொண்டிருப்போம். சில பிள்ளைகள் விரலைத் தூக்குவதற்குமுன் ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்க்கும். சில பிள்ளைகளுக்குத் தோற்கிற நேரத்தில் எல்லாப் பந்தும் வெளியேதான் விழும்.

தர்ஷினி வேறு ரகம். செடெனாக்கிலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வருவாள். அப்பா குணா முன்பு செம்பனைத் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். அந்த நிலத்தில் இப்போது கணினித் தரவு மையம் எழும்பி நிற்கிறது, அதற்கே காவல் மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். "மரம் போச்சு, மெஷின் வந்துச்சு, நான் மட்டும் அதே எடத்துல நிக்கிறேன்," என்று சிரிப்பார். மகள் வலக்கையில் மட்டையைப் பிடிப்பாள். பந்து வெளியே விழுந்து எழும்புவதற்குள் இடக்கை விரல் விண்ணென்று மேலே போகும். கூடவே "அவுட்!" என்று ஒரு குரல். இரண்டு திடல் தள்ளி ஆடுகிற பிள்ளைகள்கூட நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்தக் குரலைப் பற்றி எதிராளிகளின் அம்மாக்கள் என்னிடம் புகார் சொன்னதுண்டு. அவள் சொன்ன தீர்ப்பைப் பற்றி ஒருவரும் புகார் சொன்னதில்லை. கோட்டைத் தொட்ட பந்தை ஒருநாளும் வெளியே என்று சொல்லமாட்டாள். சந்தேகம் வந்தால் ஆட்டத்தையே இழக்கிற நிலையிலும் புள்ளியைக் கொடுத்துவிடுவாள். அவள் ஆடுகிற திடலில் எனக்கு வேலையே இருக்காது. மாநிலப் பட்டம், தேசியப் பட்டம், பக்கத்து நாட்டில் ஒரு இளையோர் பட்டம் என்று வரிசையாக வாங்கினாள். கூலாய் கடைத்தெருவில் அவள் படம் போட்ட பதாகை தொங்கியது. குணா அதன் கீழே நின்று படம் எடுத்து, கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் அனுப்பினார்.

பதினெட்டு வயதில் தொழில்முறை ஆட்டத்துக்குள் நுழைந்தாள். உலகச் சுற்றின் கடைசிப் படிதான், ஆனாலும் அங்கே பெரியவர்கள் ஆடுகிறார்கள், நாற்காலியில் நடுவர் உட்கார்ந்திருக்கிறார். பந்து உள்ளேயா வெளியேயா என்பது நடுவரின் வேலை. ஆடுகிறவருக்கு அதில் பேச்சே இல்லை. ஆட்டம் நடக்கும்போது நீயாக 'அவுட்' என்று கத்தினால் எதிராளிக்கு இடையூறு செய்ததாக எடுத்துக்கொண்டு, புள்ளியை அவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

தர்ஷினிக்கு விதி தெரியாமலில்லை. தலைகீழாக ஒப்பிப்பாள். ஆனால் அந்த விரலுக்குத் தெரியவில்லை. நெருக்கடியான நேரத்தில் பந்து கோட்டருகே விழுந்தால் விரல் தானாக மேலே போய்விடும், வாய் தானாகக் கத்திவிடும். பல வருடம் நேர்மையாகச் செய்த காரியம், சட்டென்று குற்றமாகிவிட்டது. ஏமாற்றிப் பழகிய பிள்ளையாக இருந்திருந்தால் நடுவரைக் கண்டதும் கையை மடக்கிக்கொண்டிருக்கும். இவளுக்கு அந்த விரல் பெருமை. பெருமையை மடக்குவது லேசா?

அந்த வருடம் முழுக்க அண்டை நாடுகளில் போய் ஆடினாள், முதல் சுற்றிலேயே தோற்றாள். 'அந்த மலேசியப் பெண்ணுக்குக் கோட்டை ஒட்டி அடி, அவளே புள்ளியைக் கையில் கொடுப்பாள்' என்று ஆட்டக்காரிகளின் அறையில் பேச்சு வந்துவிட்டது. அது எங்கள் காது வரைக்கும் எட்டியது.

அந்த நேரத்தில்தான் ஜொகூர் பாருவில் ஒரு தொழில்முறைப் போட்டி வந்தது. உள்ளூர்ப் பெண் என்பதால் ஏற்பாட்டாளர்கள் அவளுக்கு முதன்மைச் சுற்றில் நேரடியாக ஓர் இடம் கொடுத்தார்கள். குணா இதையும் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கூடவே இன்னொன்றையும் சொன்னார். அப்பாவும் மகளும் ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். இங்கே ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்து, உலகத் தரவரிசைக்கான முதல் புள்ளியை எடுத்துவிட்டால் அவள் தொடர்ந்து ஆடுவாள். தோற்றால் கோலாலம்பூரில் கிடைத்திருக்கும் பல்கலைக்கழக இடத்தை ஏற்றுக்கொண்டு போய்விடுவாள், மட்டை வார இறுதிக்கு மட்டும். படிப்பு ஒன்றும் தண்டனை இல்லைதான். ஆனால் அந்தப் பெண் ஆடப் பிறந்தவள் என்பது அவளைப் பார்த்த எவருக்கும் தெரியும்.

எனக்கும் அதுதான் கடைசிப் போட்டி. அடுத்த மாதம் ஓய்வு. பணிப்பட்டியலில் தர்ஷினியின் ஆட்டத்துக்கு நேரே என் பெயர். மிஸ் டானிடம் ஓடினேன்.

"மிஸ், இந்தப் பிள்ளையை எனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியும்."

"ஜொகூர்ல உனக்குத் தெரியாத பிள்ளை யாரு? சொந்தமா?"

"இல்ல."

"அவ வூட்டுல சோறு தின்னியா?"

"இல்ல மிஸ்."

"அப்ப என்னா? போய் வலையை அளந்து பாரு."

போய் வலையின் உயரத்தை அளந்தேன். காசைச் சுண்டினேன். எதிராளி தாய்லாந்துப் பெண், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவள், அந்தப் போட்டியில் முன்வரிசை ஆட்டக்காரி. மிஸ் டான் வழக்கம்போல வேலிக்கு அந்தப் பக்கம் குடை பிடித்து நின்றார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. குணா சீருடையைக்கூட மாற்றாமல் வந்து, கூரையைத் தாங்கும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல் செட் கடைசிவரை இழுபறி. அதை முடிக்கத் தாய்லாந்துப் பெண்ணுக்கு இன்னும் ஒரே புள்ளி வேண்டும். நீண்ட ஆட்டம். பந்து தர்ஷினியின் பின்கோட்டருகே வந்து விழுந்தது. நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து கோட்டின் வெளி விளிம்பைத் தொட்டது. உள்ளே. நான் வாயைத் திறக்கவில்லை.

"அவுட்!"

விரல் மேலே நின்றது. கத்தியபடியே அவள் பந்தைத் திருப்பியும் அடித்துவிட்டாள். தாய்லாந்துப் பெண் அதை அடிக்கப் போனவள் குழம்பி, தடுமாறி, வலையில் அடித்தாள்.

சொல்லவேண்டியதைச் சொன்னேன். "ஹிண்ட்ரன்ஸ்." இடையூறு. புள்ளி எதிராளிக்கு. முதல் செட்டும் எதிராளிக்கு.

தர்ஷினி நாற்காலியின் கீழே வந்து நின்றாள். கண்ணெல்லாம் தண்ணீர். "மேம், அது அவுட் மேம்! நான் பாத்தேன்!"

திடலில் நடுவர் ஆங்கிலத்தில்தான் பேசவேண்டும், எதிராளிக்கும் புரியவேண்டும் அல்லவா? ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னேன். தமிழில் சொன்னால் இதுதான் வரும்: "நானும் பார்த்தேன், பந்து உள்ளே. அவுட் சொல்வது என் வேலை. அடிப்பது உன் வேலை."

என்னை அப்படி முறைத்தாள்! பிறகு போய் உட்கார்ந்தாள். துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தூணருகில் குணா இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தார். முகத்தைக் கழுவின தட்டாக வைத்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன பாடுபட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

துண்டை எடுத்தபோது அவள் முகம் மாறியிருந்தது. பையைத் துழாவி, மட்டைப்பிடியில் சுற்றுகிற வெள்ளை டேப்பை எடுத்தாள். இடக்கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்து, இறுக்கிச் சுற்றினாள். பல்லால் கடித்து அறுத்தாள். கையை என் பக்கம் காட்டினாள்.

"மேம், இப்படி ஆடலாமா?"

எத்தனையோ விதமான கட்டுப் பார்த்திருக்கிறேன். தன் விரலையே கைது செய்த ஆட்டக்காரியை அன்றைக்குத்தான் பார்த்தேன். விதியில் அதற்குத் தடை ஒன்றும் கிடையாது. "ஆடலாம்" என்றேன்.

இரண்டாவது செட்டில் அந்த ஜோடி விரல் துடித்ததை மேலே இருந்தே பார்த்தேன். கோட்டருகே பந்து விழுந்தபோதெல்லாம் தோள்வரை ஒரு வெட்டு வெட்டும். டேப் இழுத்துப் பிடிக்கும். அந்த இழுப்பில் அவளுக்குப் புத்தி வந்துவிடும், வாய் மூடிக்கொள்ளும், பந்தை அடிப்பாள். ஒருதடவை 'அ' என்று ஆரம்பித்து மீதியை விழுங்கினாள். விக்கல் வந்ததுபோல் இருந்தது. தாய்லாந்துப் பெண் கோட்டை ஒட்டி ஒட்டி அடித்துப் பார்த்தாள். இலவசப் புள்ளி ஒன்றும் விழவில்லை. செட் தர்ஷினிக்கு.

சரியாக அப்போது வானம் பொத்துக்கொண்டது. ஜொகூர் மழை கேட்டுக்கொண்டா வரும்? எல்லாரும் கூரைக்கு ஓடினோம்.

ஆட்டம் முடியும்வரை ஆட்டக்காரியின் ஆட்களோடு நடுவர் பேசக்கூடாது. குணாவுக்கும் அது தெரியும். நான் நடைபாதையில் போகும்போது அவர் அதே தூணுக்கு எதிரே, கையில் பொங்குஸ், அதாவது பையில் கட்டி வாங்கின தே தாரிக் தேநீரோடு நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை. தூணைப் பார்த்துப் பேசினார்.

"தூணே, நான் யார்கிட்டயும் பேசல. உங்கிட்டதான் பேசுறேன். அந்த செட் பாயிண்ட் பந்து உள்ளயா, வெளியயா? ஐயோ அலமாக், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? எம்மவ தோத்தா தோக்கட்டும், படிக்கப் போகட்டும். ஆனா அவ கண்ணு பொய் சொல்லாதுன்னு இத்தன வருஷமா நம்பிக்கிட்டிருக்கேன். அது மட்டும் தெரிஞ்சா போதும்."

தலையைக் குனிந்து நடந்து மிஸ் டானிடம் போய் நின்றேன். நடந்ததைச் சொல்வது கடமை.

"மிஸ், அந்தப் பிள்ளையோட அப்பா தூண்கிட்டப் பேசிக்கிட்டிருக்காரு."

"தூண் பதில் சொல்லுச்சா?"

"இல்ல."

"அப்ப ஓகே. தூணுக்கு விதி தெரியுது."

மழை விட்டது. ரப்பர்த் துடைப்பான் வைத்துத் திடலின் தண்ணீரைத் தள்ளினார்கள். வெயில் பழையபடி சுள்ளென்று வந்து, தரையிலிருந்து ஆவி கிளம்பியது. மூன்றாவது செட்டுக்கு ஏறி உட்கார்ந்தேன்.

அவள் கையில் புது டேப். நனைந்ததை மாற்றியிருக்கிறாள்.

அந்தச் செட்டின் நடுவில் ஒரு பந்து வந்தது. தர்ஷினியின் சர்வீஸ் பறிபோகும் நிலை. பறிபோனால் ஆட்டமே கைவிட்டுப் போய்விடும். தாய்லாந்துப் பெண் இடதுமூலைக்கு ஒரு பந்து விட்டாள். முதல் செட்டை இழந்த பந்தைப்போலவே, கோட்டின் வெளி விளிம்பு. என் கண்ணுக்கு உள்ளே. அவள் கண்ணுக்கு வெளியே என்பது அவள் புருவம் ஏறியதிலேயே தெரிந்தது. விரல் வெட்டியது. டேப் இழுத்தது. நான் மௌனமாக இருந்தேன்.

அவள் வாய் திறக்கவில்லை. முட்டியை மடக்கித் தரையோடு தரையாகக் குனிந்து, அந்தப் பந்தை நீளமாக, எதிர்மூலைக்கு அடித்தாள். தாய்லாந்துப் பெண் ஓடவே இல்லை. பந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தப் பந்து அவுட் என்று தர்ஷினி இன்றைக்கும் சொல்கிறாள். உள்ளே என்று நான் இன்றைக்கும் சொல்கிறேன். புள்ளி அவளுக்குக் கிடைத்ததால் சண்டை சிரிப்போடு போகிறது.

அதற்குப் பிறகு அவள் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! நான் குழந்தையாகப் பார்த்த அதே தர்ஷினி, ஆனால் சத்தமில்லாத தர்ஷினி. பந்து எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டாள். அந்தக் கவலையை என் மடியில் போட்டுவிட்டாள். வந்ததையெல்லாம் அடித்தாள். பந்து வெளியே விழுந்து நான் 'அவுட்' சொன்ன பிறகும் இரண்டு தடவை அடித்துவிட்டாள், அவ்வளவு வேகம்.

கடைசியில் அவளுக்கு ஒரே புள்ளி வேண்டியிருந்தது. ஆட்டமும், முதல் உலகப் புள்ளியும், அவள் வாழ்க்கையின் அடுத்த திருப்பமும் எல்லாம் அதில்தான். பந்து வலைக்கு இப்படியும் அப்படியும் போய்வந்தது. தாய்லாந்துப் பெண் கடைசித் தெம்பையும் சேர்த்துப் பின்கோட்டை நோக்கி ஓங்கி அடித்தாள். நான் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்துக்கும் கோட்டுக்கும் நடுவில் நீலத்தரை தெரிந்தது. வெளியே. சந்தேகமே இல்லாமல் வெளியே.

"அவுட்!" என்று கையை நீட்டினேன். இத்தனை வருடத்தில் அந்தச் சொல் என் வாயில் அப்படித் தித்தித்ததில்லை.

கூட்டம் எழுந்தது. தாய்லாந்துப் பெண் மட்டையைத் தாழ்த்தி, கைகுலுக்க வலையை நோக்கி நடந்தாள். தர்ஷினிக்கு மட்டும் எதுவும் காதில் ஏறவில்லை! வந்த பந்தைச் சுழற்றி அடித்தாள், பின்னாலேயே வலைக்குப் பாய்ந்து வந்தாள், குனிந்து, மட்டையைத் தூக்கிப் பிடித்து, அடுத்த பந்துக்குக் காத்து நின்றாள். எதிரே நின்ற தாய்லாந்துப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முடிந்துவிட்டது என்று கையால் சைகை காட்டினாள்.

தர்ஷினி மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மேம்... நெசமாவே அவுட்டா?"

சிறுவயதிலிருந்து ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தியவள், என்னைக் கேட்கிறாள்! நான் இன்னொரு தடவை கையை நீட்டி, "அவுட்" என்றேன். பிறகு ஆட்டமும் செட்டும் வெற்றியும் யாருக்கு என்று முறைப்படி அறிவித்தேன். அவள் பெயரைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. ஒலிபெருக்கிமேல் பழியைப் போட்டுக்கொண்டேன்.

அவள் மட்டையைக் கீழே போட்டு, டேப் சுற்றிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். குணா கட்டிப்பிடிக்க ஆள் தேடினார். மகள் திடலுக்குள் இருந்தாள். பக்கத்தில் இருந்தது தூண். அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார்.

நான் இறங்கி, கைகுலுக்கி, புள்ளி பதிகிற கருவியை ஒப்படைத்து, முகம் மாறாமல் நடுவர் அறைக்கு நடந்தேன். கதவைச் சாத்தியதும் அங்கேயே ஒரு குதி குதித்தேன். அந்த வயதில் அப்படிக் குதித்திருக்கக்கூடாது. முட்டி ஒரு வாரம் பேசியது.

கதவு திறந்தது. மிஸ் டான்.

"எந்தப் பந்து இன்னும் கண்ணுல நிக்குது?"

"மூணாவது செட்டு, இடதுமூலை. உள்ளதான் மிஸ். அவளுக்கு வெளியன்னு பட்டுச்சு. இருந்தும் அடிச்சா மிஸ். கத்தாம அடிச்சா."

அவர் தலையாட்டவில்லை. குடையை மடக்கினார். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முகம் ஓகே," என்றார். "கழுத்து சிரிச்சுச்சு லா. மேலேருந்து கீழ வரைக்கும். நான் வேலிக்கு அந்தாண்டேருந்து பாத்தேன்."

"ஒரு சுத்து ஓடணுமா மிஸ்?"

"வேணாம். நானும்தான் சிரிச்சேன்."

இதுதான் அந்தப் பிள்ளைகளிடம் நான் சொல்ல நினைத்த கதை. சரியான ஆளிடமிருந்து சரியான நேரத்தில் வந்தால் 'அவுட்' என்பது எவ்வளவு அழகான சொல் தெரியுமா? அதை ஆள் சொன்னாலும் கேமரா சொன்னாலும் எனக்கு ஒன்றுதான். ஆடுகிறவள் அந்தக் கவலையை இறக்கி வைத்துவிட்டு ஆடவேண்டும். அவ்வளவே.

தர்ஷினி பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. படிப்படியாக ஏறிக்கொண்டிருக்கிறாள். போன வாரம் எங்கோ வெளிநாட்டில், பெரிய திடலில் ஆடினாள். கோட்டில் ஆளே கிடையாது, எல்லாம் கேமராதான். குணா இணைப்பு அனுப்பியிருந்தார், கூடவே தூணின் படத்தையும். கைப்பேசியைச் சோபாவில் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தை முடிக்க அவளுக்கு ஒரு புள்ளி. எதிராளியின் பந்து நீண்டு வந்தது. அவளுடைய இடக்கையைப் பார்த்தேன். டேப் இல்லை. ஆனாலும் இரண்டு விரலும் ஒட்டியே இருந்தன. வாய் மூடியிருந்தது. பந்து கோட்டைத் தாண்டி விழுந்தது.

அதை இயந்திரம் சொல்வதற்குள் நான் சோபாவிலிருந்து எழுந்து, விரலைக் கூரைவரை தூக்கி, "அவுட்!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரர் கரண்டியோடு ஓடிவந்தார்.

"என்னா ஆச்சு? ஏன் இப்படிக் கத்துற?"

"கத்துவேன் லா," என்றேன். "நான் ரிட்டயர் ஆயிட்டேன்."